ஞாயிறன்று நீ கேட்கப்போகும் கையெழுத்து

சீனு,

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீ பஸ்ஸில் போட்டு அனுப்பிய பேனர் வந்து சேர்ந்தது. செங்கம் ரோட்டு லாட்ஜ் ஹால் வாசலில் அதைக் கட்டியும் விட்டார்கள். படிக்கத் தெரியாதவன் ஆனதால் நான் கீழே நின்று படத்தை மட்டும் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். கைகள்தான், ஒரு முகம்கூட இல்லை. அந்த வழியாக வந்த இட்லிக் கடை புவனாவிடம் என்னம்மா போட்டிருக்கிறது என்று கேட்டேன். "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்னு போட்டிருக்கு பெரிப்பா. கீழ அண்ணன் பேரு" என்றாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கெழம மேடையில அம்மா பேர்ல எனக்கு மரியாதை பண்றாங்களாம். புதுப் பொடவை எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மரியாதைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் தெரிந்த ஆள் அந்த நேரத்தில் நான் ஒருவன்தான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால், "மீட்டிங்ல இருக்கேன் நைனா, அப்புறம் பேசறேன்" என்று நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. யார் கையால் எழுதியது என்று கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விஷயத்தைக் கேள்.

எண்பத்தொன்பதில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்தபோது நீ அரை டிராயர் போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். எனக்கு எழுத்து வராது, எண் வரும். ஒருமுறை சுற்றிய நம்பர் அதற்குப் பிறகு மறக்காது. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கிய வெள்ளைக்காரர்கள் வந்து அவர்கள் ஊருக்குப் பேசுவார்கள். நம்மூர் ஆட்களுக்கு வெளியூரிலிருந்து நம் பூத்துக்குப் போன் வரும். நான் வாசலில் நின்று கூவிக் கூப்பிடுவேன். "உங்க அப்பா தொண்டையைத் தொறந்தா மலைக்கு அந்தாண்ட அடி அண்ணாமலையில தூங்கறவன் எழுந்து உட்கார்றான்டா" என்று உன் கூட்டாளிகள் உன்னைக் கிண்டல் பண்ணுவார்கள். நீ வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுவாய்.

ஆனால் ஒன்றை நீ கவனித்திருப்பாய். குழந்தை பிறந்தது, பரீட்சை பாஸானது, மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பிவிட்டது, எல்லாவற்றையும் கூவுவேன். சாவு, ஆஸ்பத்திரி, கைவிட்டுப்போன காரியம் என்றால் கூவ மாட்டேன். பூத்தை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு அந்த வீட்டுக்கு நடந்து போவேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு போன் வந்திருக்கு, வாங்க" என்று மட்டும் சொல்வேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கெட்ட சேதியைத் தெருவில் போட்டால் அந்த வீட்டுக்காரர் காதில் விழும்முன் ஊரார் காதில் விழும், அது தப்பு என்று பட்டது. போகப்போக ஊருக்கே இது பழகிவிட்டது. என் சத்தம் கேட்டால் சந்தோஷமாக ஓடி வருவார்கள். சத்தமில்லாமல் நான் நடந்து வருவதைப் பார்த்தால், வாசலில் கோலம் போடுகிறவள்கூடக் கையை உதறிவிட்டு எழுந்து நிற்பாள். என் குரலை ஜனங்கள் நம்பினார்கள் என்றால் அது இதனால்தான்.

நீ படிப்பை முடித்துவிட்டு வந்து பூத்தை பிரவுசிங் சென்டராக மாற்றினாய். காலையில் வெள்ளைக்காரர்கள், சாயங்காலம் நம்மூர்ப் பிள்ளைகள். பக்கத்து இட்லிக் கடை சரசுவுக்குச் சர்க்கரை வியாதியால் கண் மங்கிக்கொண்டே வந்தது. பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொடுத்த பொம்பளை, வாரப் பத்திரிகை படிக்காமல் அவளுக்கு ராத்திரிச் சோறு இறங்காது. அவள் மகள் புவனா உன்னிடம் வந்து, "கம்ப்யூட்டரே தமிழைப் படிச்சுக் காட்டினா அம்மாவுக்கு நல்லா இருக்கும்ண்ணா" என்றாள். அதுதான் ஆரம்பம். நீ, அவள், இன்னும் நாலைந்து பிள்ளைகள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு சண்டை போட்டுச் செய்தீர்கள். படிக்க ஒரு குரல் வேண்டும் என்று என்னைப் பேசவைத்தீர்கள். பிறகு பெண் குரலுக்குச் சரசுவைக் கூப்பிட்டீர்கள். "யாரோ ஒருத்தி குரல் எனக்குப் படிக்கும்னு பாத்தா, என் குரலையே எனக்குப் படிக்க வைக்கிறீங்களேடா" என்று அவள் சிரித்துக்கொண்டே மத்தியான நேரங்களில் வந்து பேசிக் கொடுத்தாள். கண் தெரியாததால் ஒவ்வொரு வரியையும் புவனா காதோடு சொல்ல, அவள் திருப்பிச் சொல்வாள்.

அந்தப் புரோகிராமை இன்டர்நெட்டில் போட்டபோது நான் கேட்டேன், இதை எவனாவது எடுத்துக்கொண்டு போய்விட மாட்டானா என்று. நீ சொன்ன பதில் இப்போதும் காதில் இருக்கிறது. "எடுத்துட்டுப் போகட்டும் நைனா. உள்ள இருக்கறத எல்லாரும் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். பூட்டே கெடையாது." மதுரையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் முகம் தெரியாத பிள்ளைகள் அதில் இருந்த தப்பைத் திருத்தி அனுப்பினார்கள். எவனோ ஒருவன் ரகரத்தைச் சரியாக்கி அனுப்பிவிட்டான் என்று நீங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்த நாளும் எனக்குத் தெரியும். காசு பெறாத காரியத்துக்கு இத்தனை பேரா என்று எனக்கு ஆச்சரியம். கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, ஜாஸ்தியாகவே பெருமை.

பிறகு உன் கம்பெனிக்காரர் வந்தார். பெயர் வேண்டாம், மேனேஜர் என்றே சொல்கிறேன். மெதுவாகப் பேசுகிற மனுஷன். பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து டீ குடித்தார். என்னிடம், "எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க ஐயா. பசங்க செய்யறத நல்லா செய்யணும், அவ்ளோதான்" என்றார். பூத்தில் உட்கார்ந்து நான் பார்க்காத ஆளா? ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் திரும்பத் திரும்ப வந்தால், வேண்டியது பெரிசாக இருக்கும். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் அடுத்த தடவை வந்தபோது அவர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சரசுவின் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நானும் மயங்கிவிட்டேன். வேகமான லைன் போட்டுக்கொடுத்தார். புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பனியன் வந்தது, எனக்கும் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு நான் மார்க்கெட்டுக்கே போனேன். கத்தரிக்காய்க்காரி, "என்ன பெரியவரே, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?" என்று கேட்டாள்.

பனியனுக்கு அப்புறம் ஒரு பலகை வந்தது, கம்ப்யூட்டருக்குள்தான். யார் அதிகம் வேலை செய்தாரோ அவர் பெயர் மேலே, பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம். அதிலிருந்து பெஞ்சு மாறியது, சீனு. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் முதுகு தெரியும். முன்பு ஒரு பிள்ளைக்கு ஏதாவது பிடிபட்டால் "டேய், இங்க வாங்கடா" என்று எல்லோரையும் கூப்பிடும். பலகை வந்தபிறகு திரையை மறைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். முன்பு எதைச் செய்வது, எதை விடுவது என்று எச்சில் தெறிக்கச் சண்டை போடுவீர்கள். பிறகு சண்டை கம்மியாகிவிட்டது. "கம்பெனிகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நீ சொல்வாய், எல்லோரும் தலையாட்டுவார்கள். சத்தம் குறைந்துவிட்டதே என்று உன் அம்மா சந்தோஷப்பட்டாள். நான் படவில்லை.

அப்புறம் உனக்கு வேலை கொடுத்தார்கள். உன்னைவிட புவனா கெட்டிக்காரி என்று நீயே சொல்வாய். அவளுக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. கூட்டத்தை அவர்கள் விலைக்கு வாங்கவில்லை. கூட்டம் யார் பேச்சைக் கேட்குமோ அவனை மட்டும் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் இன்னமும் சும்மாவே உழைக்கிறார்கள். கம்பெனிக்காக இல்லை, உன் முகத்துக்காக. "சீனு அண்ணன் கேட்டாரு" என்றால் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து செய்கிறார்கள். சென்னையில் உன் வேலைக்கு ஏதோ பெரிய பெயர் சொல்கிறார்கள். இங்கிருந்து பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. உன்னை நம்புகிறவர்களை நம்பவைத்துக்கொண்டே இருப்பதற்குத்தான் உனக்குச் சம்பளம்.

நீ ஒரு தாளைக் கொண்டுவந்து என் குரலுக்குக் கைநாட்டு கேட்டாய். "ஒண்ணும் இல்ல நைனா, ஒரு ஃபார்மாலிட்டி" என்றாய். பெற்ற பிள்ளை நீட்டுகிற தாளில் என்ன இருக்கிறது என்று எந்த அப்பன் கேட்பான்? கட்டை விரலை வைத்தேன். சரசுவிடம் அந்தத் தாள் போகவில்லை. அதற்கு முன்பே அவள் வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள். அந்தப் போன் நம் கடைக்குத்தான் வந்தது. புவனா வீட்டுக்கு நான்தான் நடந்து போனேன். துண்டு என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவே இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் புவனா அந்த மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதோ தட்டுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறமாதிரி இருப்பேன். சரசுவின் குரல் கேட்கும். "புவனா, சாப்பிட்டியா?" மறுபடியும் தட்டுவாள். "புவனா, தலைக்கு எண்ணெய் வெச்சியா?" அவ்வளவுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவாள். ஒருமுறை உன்னிடம் இதை ஜாடையாகச் சொல்லப் பார்த்தேன். "அது அவங்க குரல் இல்ல நைனா, துண்டு துண்டா வெட்டி ஒட்டின சத்தம்" என்றாய். வெட்டியது நீங்கள். ஒட்டிக் கேட்கிறது அவள்.

போன வாரம் உன் மாமனார் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்றார்.

"ஏங்க சம்பந்தி, பொண்ணு குடுத்தவன்யா நானு. உனக்கு என்ன ஆத்திரமோ நேர்ல வந்து கேட்டிருக்கலாமில்ல?"

"என்ன சம்பந்தி, உள்ள வாங்க. என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? களத்துல மல்லாட்டை காயப் போட்டுனு இருக்கேன், போன் வருது. எடுத்தா நீ! 'உங்கள் டிராக்டரை எடுத்துச்செல்ல ஆட்கள் வருவார்கள். இது கடைசி எச்சரிக்கை'ங்கிற. சம்பந்தி, நான்தான், நான்தான்னு கத்தறேன். காதுலயே வாங்காம மறுபடியும் அதையே சொல்ற. பக்கத்துல நம்ம ஆளுங்க நாலு பேரு. என் மானமே போச்சு."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவர் போனை நீட்டினார். அவர் நின்றிருக்கும்போதே அந்தப் போன் மறுபடியும் வந்திருந்தது. நானே காதில் வைத்துக் கேட்டேன். சீனு, என் குரல்தான். எச்சரிக்கை என்ற வார்த்தையை நான் என் ஆயுசில் சொன்னதில்லை, ஆனால் நான்தான் சொன்னேன். பிள்ளை பிறந்த சேதியைக் கூவின அதே தொண்டை. கூவக்கூடாது என்று நான் நடந்து போய்ச் சொன்ன சேதிகளையெல்லாம், இனிமேல் என் தொண்டையே வீடு வீடாகக் கூவப்போகிறது. டிராக்டருக்குக் கடன் கொடுத்த இடத்தில் எவனோ உன் கம்பெனியிடமிருந்து என்னை வாங்கியிருக்கிறான். உன் மாமனாரைச் சமாதானம் பண்ண எனக்கு ஒரு பகல் பிடித்தது. அப்படியும் அவர் போகும்போது, "மெஷினுன்ற. இருந்தாலும் சம்பந்தி, ஒன் குரலுய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று உன்னைப் போனில் பிடித்துக் கேட்டேன். நீ பொய் சொல்லவில்லை, அதற்கு உன் அம்மா வளர்ப்புக்கு ஒரு கும்பிடு. எல்லாம் சொன்னாய். பழைய புரோகிராம் திறந்தே கிடக்கும், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. பிள்ளைகள் இத்தனை நாள் செய்து கொடுத்ததன்மேல் புதுசாக ஒன்று கட்டி, அதைப் பூட்டிவிடுவார்கள். குரல்கள் எல்லாம் கம்பெனி மெஷினில் இருப்பதால் அவையும் உள்ளே போய்விடும்.

"சரசு குரலு?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நைனா ஞாயித்துக்கெழம கூட்டமே. அவங்க ஃபார்ம் போடாம போயிட்டாங்க. வாரிசு புவனாதான். அவ கையெழுத்து போட்டா முடிஞ்சுது. அந்தக் குரலைத்தான் இப்ப ஜாஸ்தி கேக்கறாங்க."

"எதுக்குக் கேக்கறாங்க? டிராக்டர் தூக்கவா?"

பக்கத்தில் உன் குழந்தை அழுதது கேட்டது.

"அவளுக்கு இதெல்லாம் தெரியுமாடா?"

"ஃபார்ம்ல இருக்கு நைனா."

"அவ படிச்சாளா?"

"இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல இருக்கும். யாரும் படிக்க மாட்டாங்க. நீ யார்கிட்டயும் சொல்லிடாத. ஞாயித்துக்கெழம முடியட்டும்."

எழுத்து தெரியாமல் நான் கட்டை விரலை வைத்தேன். எழுத்து தெரிந்த பெண்ணும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறாள். மேடை, மாலை, அம்மா பெயர், புதுப் புடவை, நீட்டுகிற கை உன்னுடையது. அவள் எங்கே படிப்பாள்? கையெழுத்துப் போட்டுவிட்டு உனக்கு நன்றி வேறு சொல்வாள். அப்புறம் ஒரு நாள் எங்கேயோ ஒரு வீட்டில் போன் அடிக்கும், சரசு பேசுவாள். யாருக்கு என்ன சொல்வாளோ. அந்தப் போன் புவனாவுக்கே வந்தாலும் வரும். இந்த ஊரில் எல்லோர் நம்பரும் இப்போது எவனெவன் கையிலோ இருக்கிறது. "புவனா, சாப்பிட்டியா" கேட்ட காதில் எது விழும் என்று நினைத்துப் பார்த்தேன். அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

உன் பக்கமும் எனக்குத் தெரியாமல் இல்லை. கைக்குழந்தை இருக்கிறது. வாயைத் திறந்தால் வேலை போகும் என்கிறாய், போகலாம்தான். போகாது என்று நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. வேலை போனால் வேறு வேலை தேடலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடவும் மாட்டேன். ஆனால் உனக்கு அவர்கள் சம்பளம் கொடுப்பது உன் கெட்டிக்காரத்தனத்துக்கு இல்லை, உன் மேல் இந்தப் பிள்ளைகள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு. அதை ஞாயிற்றுக்கிழமையோடு செலவழித்துவிட்டால், திங்கட்கிழமை உன்னிடம் அவர்கள் வாங்குவதற்கு என்ன மிச்சம்? அந்த மேனேஜர் அடுத்த ஊரில், அடுத்த பெஞ்சில், உன்னைமாதிரி இன்னொருவனோடு டீ குடித்துக்கொண்டிருப்பார். இந்தத் தெருவில் நீ மட்டும் நடந்து போகவேண்டியிருக்கும்.

இனி இந்தக் கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். யாரிடமும் சொல்லாதே என்றாய். எழுதத் தெரியாதவன் கடிதம் போட்டால் ஒரு ஆளிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போகலாம் என்றுதான் கிளம்பினேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். ஒரு பெண்ணின் அம்மாவைப் பற்றிய சேதி, அவளுக்குத் தெரியும்முன் ஊரான் காதில் விழுவதா? அந்தத் தப்பை நான் பூத் வைத்த காலத்திலேயே செய்ததில்லை. திரும்பினேன். துண்டைத் தோளிலிருந்து எடுத்தேன். புவனா கடைக்கு நடந்தேன்.

கடையில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டாள். "யாருக்கு என்ன பெரிப்பா?" என்றாள். "யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. ஒரு கடுதாசி எழுதணும். பேனா எடு" என்றேன். உட்கார்ந்தாள். முதல் வரியிலிருந்து இதுவரை எழுதியது அவள்தான். நான் பேசுகிறபடிப் பேசினேன், அவள் புத்தகத்தில் இருக்கிறமாதிரி மாற்றி எழுதினாள். மூலைக் கம்ப்யூட்டர் விஷயம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டாள், நான் தூங்கவில்லை என்று இப்போதுதான் அவளுக்குத் தெரியும். வாரிசு, கையெழுத்து என்று நான் சொன்ன இடத்தில் பேனா நின்றது. "பெரிப்பா, இதையும் எழுதணுமா?" என்று கேட்டாள். "அப்படியே எழுதும்மா" என்றேன். எழுதினாள். அந்த வரிக்குக் கீழே எழுத்து கோணியிருந்தால் அதற்கு இதுதான் காரணம்.

அவள் அழவில்லை, உன்னைத் திட்டவில்லை. அது எனக்கு அழுகையைவிடப் பயமாக இருக்கிறது. மற்ற பிள்ளைகளிடம் சொல்வாளா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம வரைக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள். கையெழுத்துப் போடுவாளா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னது புடவையைப் பற்றித்தான். புதுப் புடவையைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லையாம், கட்டிக்கொண்டுதான் வருவாளாம்.

ஆகையால் மகனே, கூட்டத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. பேனர் தொங்கட்டும். மேனேஜர் வரட்டும். மைக்கைக் கொடுப்பார்கள், நீ வாங்காதே. இது கூவிச் சொல்கிற சேதி இல்லை. மேடையை விட்டு இறங்கி, அவள் நாற்காலிவரை நடந்து வந்து, எதிரில் நின்று உன் வாயால் சொல். கொஞ்ச தூரம்தான். நீ நடக்கிறாயா என்று பார்க்க நாங்கள் இருவரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்போம்.

உன் நைனா